தறியை விற்காதே, அம்மா

பார்படோஸ் தீவு,
மார்ச் 1686

அன்புள்ள அம்மாவுக்கு,

உயிரோடு இருக்கிறேன். நீயும் தம்பியும் நலமா?

அவசரமான சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். பணம் கட்டினால் மகனை மீட்டுத் தருகிறோம் என்று யாராவது நம் ஊர் டான்டனுக்கு வந்து வாசலில் நின்றால், ஒரு காசும் கொடுக்காதே, அதற்காகத் தறியையும் விற்காதே. நாங்கள் வந்து இறங்கியதுமே இந்தத் தீவில், கலகக்காரர்கள் என்று நாடு கடத்தப்பட்ட எங்களுக்கென்று ஒரு சட்டம் போட்டுவிட்டார்கள். தண்டனையான பத்து ஆண்டும் உழைத்தே தீர வேண்டும். விலை கொடுத்து மீட்க முடியாது. தப்பி ஓடிப் பிடிபட்டால் 39 கசையடி, நெற்றியில் சூட்டுக்கோல். என்னோடு இருக்கும் ஒருவருக்காக அவர் அண்ணன் அங்கேயே பணம் கட்டியிருக்கிறார். இங்கே அதை யாரும் மதிக்கவில்லை.

அரசர் ஜேம்ஸை எதிர்த்து நாங்கள் சேர்ந்த மான்மவுத் பிரபுவின் படை செட்ஜ்மூர் போரில் சிதறியதும், செப்டம்பரில் நம் ஊர்க் கோட்டையிலேயே விசாரணை நடந்ததும் உனக்குத் தெரியும். அப்புறம் வேமவுத் துறைமுகத்தில் கப்பலேற்றினார்கள். அடித்தளத்தில் நிமிர்ந்து உட்காரக்கூட இடமில்லை. வழியில் இறந்தவர்களைக் கடலில் போட்டார்கள். அதைப் பற்றி மேலே எழுத மனம் வரவில்லை.

இப்போது கரும்பு வெட்டும் காலம். காற்று வீசினால் ஆலை இரவும் ஓடும். உருளைகளுக்கு நடுவே கரும்பைச் செருகுபவர் கண்ணயர்ந்து விரல் மாட்டிக்கொண்டால் உடம்பையே இழுத்துவிடும். நான் கொப்பரையில் நுரை எடுக்கிறேன். சாறு காயக் காயப் பெரிய கொப்பரையிலிருந்து சின்னதற்கு மாற்றிக்கொண்டே வர வேண்டும். ஒரு துளி தெறித்தாலும் பாகு தோலில் ஒட்டிக்கொண்டு வேகும். கையில் இரண்டு தழும்புகள், ஆறிவிட்டன, கவலைப்படாதே. சாப்பாடு மக்காச்சோளக் கூழ், வாரத்துக்குக் கொஞ்சம் உப்புக்கண்டம் இல்லையென்றால் உப்பு மீன்.

இங்கே அதிகம் இருப்பவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்டவர்கள். எனக்குப் பத்து ஆண்டு என்று ஒரு கணக்காவது இருக்கிறது. அவர்களுக்கு அதுவும் இல்லை, அம்மா. அவர்கள் வயிற்றில் பிறக்கும் பிள்ளையும் தோட்ட முதலாளிக்கே சொந்தம். ஒரு பெண் கைக்குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு கரும்புக்கு இடையே களை பறிப்பதைத் தினமும் பார்க்கிறேன். நானாவது அரசருக்கு எதிராக நின்றேன். அவள் யாருக்கு என்ன செய்தாள்? இந்த அநியாயத்தை ஊரில் எல்லோரிடமும் சொல். அங்கே சர்க்கரை வாங்குகிறவர்களுக்கு இது தெரிய வேண்டும்.

கப்பல் நாளை கிளம்புகிறது. நான் பாதியில் விட்டுவந்த செர்ஜ் கம்பளித் துணி இன்னும் தறியில் இருந்தால், தம்பியை நெய்து முடிக்கச் சொல். குளிர்கால ஈரத்தில் பாவு தளர்ந்திருக்கும். இறுக்கிக் கட்டிவிட்டுத் தொடங்கட்டும்.

உன் அன்பு மகன்