பழைய கட்டட வரைபடங்களைக் காக்கும் பதிவறைப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். சுருண்டு கிடக்கும் வரைபடங்களைக் கணினியில் ஏற்றும் பேச்சு எழும்போதெல்லாம், ஏ0 அளவு, அதாவது ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளத்துக்கும் மேற்பட்ட பெரிய தாளை எடுக்கும் ஸ்கேனர் வாங்க நிதியில்லை என்ற குறிப்போடு கோப்பு கிடப்பில் போகிறது. பெரும்பாலான பதிவறைகளுக்கு அந்த இயந்திரம் தேவையே இல்லை என்பது என் கருத்து.

செலவைக் குறைக்கும் வேலை தாள்களைத் தரம் பிரிப்பதில் தொடங்குகிறது. ஒரே தாளின் நகல்களைத் தள்ளிவைத்து, கட்டி முடித்த நிலையைக் காட்டும் வரைபடம், கான்கிரீட் கம்பி விவரம், குழாய், மின்தடம் ஆகியவற்றை முதலில் எடுங்கள். கிழிசலற்ற, உறுதியான தாள்களைப் பெரிய அளவில் ஸ்கேன் செய்து தரும் அச்சுக்கடைக்கே அனுப்பலாம். 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்), சாம்பல் நிறச் சாயல் என்று எழுதியே கேளுங்கள். கேட்காவிட்டால் சில இடங்களில் வெறும் கறுப்பு வெள்ளையில் எடுத்துவிடுவார்கள், பென்சிலில் எழுதிய திருத்தங்களும் மங்கிய முத்திரைகளும் அதில் காணாமல் போகும். நீலப் பின்னணியில் வெள்ளைக் கோடுகள் உள்ள புளூபிரிண்டாக இருந்தால் வண்ணத்திலேயே எடுக்கச் சொல்லுங்கள்.

நொறுங்கும் டிரேசிங் தாளையும் ஓரம் கிழிந்த அம்மோனியா பிரிண்டையும் (அம்மோனியா ஆவியால் எடுத்த பழைய நகல்) தாளை இழுத்துச் செல்லும் உருளை ஸ்கேனருக்குள் விடுவது ஆபத்து. இவற்றுக்கு கேமராவே போதும். தாளைத் தட்டையாக விரித்து, கேமராவை நேர் மேலே தாங்கியில் பொருத்தி, இருபுறமும் 45 பாகைச் சாய்வில் விளக்கு வைத்து, ஓரத்தில் ஓர் அளவுகோலையும் சேர்த்துப் படமெடுக்க வேண்டும். 24 மெகாபிக்சல் கேமராவில் ஏ1 தாள் (ஏ0வில் பாதி) முழுவதையும் ஒரே படமாக எடுத்தால் ஏறத்தாழ 170 டிபிஐதான் கிடைக்கும். சிறிய எழுத்தில் உள்ள அளவுகள் குழம்பிவிடும். கேமராவைத் தாளுக்கு நெருக்கமாகத் தாழ்த்தி, பிறகு அதை அசைக்காமல் தாளை மட்டும் நகர்த்தி, ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு ஆறு பகுதிகளாக எடுத்தால் 300ஐ நெருங்கலாம். அவற்றை ஒட்டுவதற்கு ஹியூகின் என்ற இலவச மென்பொருள் உண்டு. கைப்பேசி ஸ்கேன் செயலிகள் நான்கு மூலைகளை வைத்துத் தாளை நிமிர்த்துவதால், படிக்க உதவுமே தவிர, அளந்து பார்க்க உதவா.

எந்த முறையில் எடுத்தாலும் படத்தின்மீது அளந்து முடிவெடுக்காதீர்கள். காகிதம் ஈரப்பதத்தால் விரிந்து சுருங்குவது. வரைபடத்தில் எழுதியிருக்கும் அளவே இறுதி.

பணம் உண்மையில் கரைவது வேறோர் இடத்தில். எல்லாத் தாள்களையும் கேட் (CAD, கணினியில் வரையும் மென்பொருள்) கோடுகளாக மாற்றித் தருமாறு ஒப்பந்தம் விடுகிறார்கள். தானியங்கி மாற்றத்தில் சுவரும் மடிப்புக் கோடும் ஒன்றாகவே வந்து விழுகின்றன. பிறகு அதைத் திருத்துவதற்குள் புதிதாகவே வரைந்துவிடலாம். படத்தை டிஃப் (TIFF) என்ற படக் கோப்பாகவும், பார்வைக்குப் பிடிஎஃப் ஆகவும் வைத்திருந்தால், சீரமைப்பு வரும் கட்டடத்துக்கு மட்டும் அதைக் கேட் மென்பொருளில் அடியில் வைத்து, தெரிந்த ஓர் அளவுக்குப் பொருத்தி, வேண்டிய பகுதியை வரைந்துகொள்ளலாம். கோப்பின் பெயரில் கட்டட எண், தாள் எண், திருத்த எண் மூன்றும் இருக்கட்டும்.

ஸ்கேன் முடிந்ததும் மூலத்தாள்களைக் கழித்துவிட வேண்டாம் என்றும், அடுத்த இயந்திரக் கொள்முதல் குறிப்பில் ஒப்பமிடும் முன் ஒரே ஒரு கட்டடத்தின் சுருளை இம்முறையில் முடித்து, தாளுக்கு ஆன செலவைக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பழைய வரைபடங்களோடு அன்றாடம் வேலை செய்யும் ஒருவர்