திரையைப் பூட்டினால் வைஃபை கழன்றுவிடுகிறது: ஆறாவது புகார்

அனுப்புநர்: தங்கள் போனை வாங்கிப் பயன்படுத்தும் வாடிக்கையாளர்
பெறுநர்: தலைமைப் பொறுப்பாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு
பொருள்: மென்பொருள் அப்டேட்டுக்குப் பிறகு மணிக்கு ஒருமுறை வைஃபை அறுபடுவது, ‘பழுது ஏதுமில்லை’ என்று போனைத் திருப்பித் தந்தது

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். இதே போனைப் பற்றி நான் எழுதும் ஆறாவது கடிதம் இது. முந்தைய ஐந்துக்கும் பதில் வரவில்லை என்று சொல்ல மாட்டேன். வந்தது. ஐந்துக்கும் ஒரே பதில், எழுத்து மாறாமல் வந்தது. போனை அணைத்துப் போடுங்கள், ரவுட்டரை அணைத்துப் போடுங்கள், வைஃபை பெயரை நீக்கிவிட்டு மறுபடி சேருங்கள், தேதியும் நேரமும் சரியா என்று பாருங்கள், நெட்வொர்க் செட்டிங்ஸை ரீசெட் செய்யுங்கள், கடைசியில் முழு ரீசெட். அத்தனையும் செய்தேன், சிலவற்றை ஐந்து முறையும் செய்தேன்.

இந்த வைத்தியங்களை நான் குறை சொல்லவில்லை. பாஸ்வேர்டு மாறியிருந்தால் பெயரை நீக்கிவிட்டுச் சேர்வதுதான் வழி. போனில் தேதி தப்பாக இருந்தால், பாதுகாப்புச் சான்றிதழ்கள் காலாவதியானதுபோலத் தோன்றி, வைஃபை இருந்தும் எந்தப் பக்கமும் திறக்காது. ரவுட்டர் கருவிக்குத் தரும் எண்ணான ஐபி முகவரி கிடைக்காமல் திணறினால் ரவுட்டரை அணைத்துப் போட்டாலே பெரும்பாலும் தீரும். ஆனால் என் போனுக்கு வந்திருப்பது இவற்றில் எதுவும் இல்லை. எப்போது அறுபடுகிறது என்று ஒருவராவது என்னிடம் கேட்டிருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலை இருந்திருக்காது.

நடப்பது இதுதான். கடந்த மாதம் தாங்கள் அனுப்பிய அப்டேட்டை ஓர் இரவு போட்டுவிட்டுப் படுத்தேன். மறுநாள் முதல் தொல்லை தொடங்கியது. போனைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும் வரை வைஃபை ஒழுங்காக ஓடுகிறது. பூட்டி மேசையில் வைத்தால் எப்போதோ சத்தமில்லாமல் கழன்றுவிடுகிறது. எடுத்துத் திறந்ததும் இரண்டு மூன்று நொடியில் மறுபடி ஒட்டிக்கொள்கிறது; அதுவரை வராமல் நின்ற செய்திகள் மொத்தமாக வந்து கொட்டுகின்றன.

இதற்குப் போய் ஆறு கடிதமா என்று தாங்கள் நினைக்கலாம். என் படுக்கையறையில் மொபைல் சிக்னல் ஒரு கோடு வந்தாலே அதிகம். அங்கே அழைப்புகள் வருவது வைஃபை காலிங் வழியாகத்தான், அதாவது டவருக்குப் பதில் வைஃபை மூலமாக. வைஃபை கழன்றுவிட்டால் மணி அடிக்காது. வீட்டுப் பெரியவர் ஒருவருக்கு நள்ளிரவில் உடம்பு முடியாமல் போனபோது, என்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப்போய், கடைசியில் வாசல் கதவைத் தட்ட ஆள் அனுப்பினார்கள். போன் என் தலைமாட்டிலேயேதான் இருந்தது.

என் பக்கத் தவறையும் சொல்லிவிடுகிறேன். ஆரம்பத்தில் நானும் ரவுட்டரைத்தான் சந்தேகப்பட்டேன். தங்கள் உதவி மையத்தில் பேசிய ஒருவர், ரவுட்டர் எங்கே இருக்கிறது என்று கேட்டார். இரும்பு அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே என்றேன். அதை வெளியே எடுத்து உயரமாக வையுங்கள் என்றார். எடுத்து வைத்தேன். படுக்கையறையில் −76 டிபிஎம் (சிக்னல் வலிமையின் அளவு) காட்டிக்கொண்டிருந்த சிக்னல் −58-க்கு வந்தது. (பூஜ்யத்தை நெருங்க நெருங்க நல்லது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.) அவருக்கு நன்றி. ஐந்து பேரில் கேள்வி கேட்டவர் அவர் ஒருவர்தான். சிக்னல் நன்றானது, அறுபடுவது மட்டும் அப்படியே இருந்தது.

அப்புறம் அலைவரிசை. 2.4 கிகாஹெர்ட்ஸில் அக்கம்பக்கத்து ரவுட்டர்கள் எல்லாம் நெருக்கியடிக்கின்றன. ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் இருக்க 1, 6, 11 என்று மூன்று சேனல்தான் உண்டு. ப்ளூடூத்தும் மைக்ரோவேவ் அடுப்பும் அதே பட்டையில்தான் இரைகின்றன. சரி என்று 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினேன், சேனல் 36. 5 கிகாஹெர்ட்ஸின் சில சேனல்களை ரேடார்களும் பயன்படுத்துகின்றன; இந்தச் சேனலில் ரேடாருக்கு வழிவிட்டு ஒதுங்க வேண்டிய கட்டாயம் கிடையாது என்பதால் அதைத் தேர்ந்தெடுத்தேன். அங்கேயும் அதே கதைதான்.

அதன் பிறகுதான் நோட்டுப் புத்தகத்தை எடுத்தேன். ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தில், எந்தக் கருவி எப்போது சேர்ந்தது, எப்போது விலகியது என்று பதிவு இருக்கும். ஒரு விடுமுறை நாள் முழுக்க அதைப் பார்த்துக் குறித்தேன். என் போன் விலகிய நேரங்கள்: காலை 10:17, 11:17, பகல் 12:17. பிறகு 3:17, 4:17. நடுவில் 1:17-க்கும் 2:17-க்கும் அறுபடவில்லை. அந்த இரண்டு நேரத்திலும் நான் போனில் படம் பார்த்துக்கொண்டிருந்தேன், திரை விழித்திருந்தது. பழுது இப்படிக் கடிகாரம் பார்த்து வருமா? விலகியதற்கான காரணம் என்று ஒவ்வொரு வரியிலும் ஒரே எண் இருந்தது: 16. வைஃபைத் தரமான 802.11-இல் இந்த எண்ணுக்குப் பொருள் உண்டு. குழுச் சாவி மாற்றும் கைகுலுக்கலுக்குப் பதில் வராமல் நேரம் கடந்துவிட்டது என்பதுதான் அது.

தங்கள் பொறியாளர்களுக்கு இது தெரிந்த விஷயம். ஆனால் என் கடிதங்கள் அவர்கள் கைக்குப் போவதில்லை என்பதால் இங்கேயே விளக்கிவிடுகிறேன். ரவுட்டரோடு சேரும் ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனியாக ஒரு சாவி உண்டு. அது போக, எல்லோருக்குமாகச் சேர்த்து அனுப்பும் செய்திகளுக்குப் பொதுவாக ஒரு குழுச் சாவி உண்டு. விலகிப்போன கருவி பழைய சாவியை வைத்துக்கொண்டு ஒட்டுக் கேட்கக் கூடாது என்பதால், ரவுட்டர் அந்தப் பொதுச் சாவியை அவ்வப்போது மாற்றும். என் ரவுட்டரில் அதற்கான இடைவெளி 3600 வினாடி, அதாவது சரியாக ஒரு மணி நேரம். புதுச் சாவியைக் கொடுக்கும்போது கருவி ‘வாங்கிக்கொண்டேன்’ என்று பதில் சொல்ல வேண்டும்; இந்தக் கொடுக்கல் வாங்கல்தான் கைகுலுக்கல். சொல்லாவிட்டால் ரவுட்டர் சில தடவை திரும்பக் கேட்கும். அப்போதும் பதில் இல்லை என்றால் கழற்றிவிடும்.

திரை பூட்டிய போனின் வைஃபை முழு நேரமும் விழித்திருப்பதில்லை. பேட்டரியை மிச்சப்படுத்தத் தூங்கும். ரவுட்டர் வினாடிக்குச் சுமார் பத்து முறை விடும் பீக்கன் சமிக்ஞையை அவ்வப்போது விழித்துக் கேட்டு, தனக்கு ஏதாவது வந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு மறுபடி தூங்கும். இது எல்லா போனும் செய்வதுதான். தாங்கள் அனுப்பிய அப்டேட்டின் குறிப்பில் ‘காத்திருப்பு நிலையில் பேட்டரி மேம்பாடு’ என்று ஒரு வரி இருந்தது. அந்த மேம்பாட்டில்தான் போன் அளவுக்கு மீறி ஆழ்ந்து தூங்கத் தொடங்கி, புதுச் சாவிக்குப் பதில் சொல்லாமல் விட்டுவிடுகிறது என்பது என் கணிப்பு.

கணிப்பு என்று சொன்னாலும் சும்மா விட்டுவிடவில்லை, சோதித்தும் பார்த்தேன். டெவலப்பர் ஆப்ஷன்ஸ் என்ற கூடுதல் செட்டிங்ஸ் பகுதியில் சார்ஜ் ஏறும்போது திரை அணையாமல் வைக்கும் வசதியைப் போட்டு, போனை ஆறு மணி நேரம் அப்படியே விட்டேன். ஒரு முறைகூட அறுபடவில்லை. அதை எடுத்துவிட்டுப் பூட்டி வைத்தேன். மணிக்கு ஒருமுறை அறுபட்டது. பிறகு ரவுட்டரில் சாவி மாற்றும் இடைவெளியை 3600-இலிருந்து 600 வினாடிக்குக் குறைத்தேன். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அறுபட்டது. அதையே 86400 வினாடி, அதாவது ஒரு முழு நாள் ஆக்கினேன். நாளைக்கு ஒருமுறை என்று ஆனது. வீட்டில் இருக்கும் மற்ற மூன்று போன்களும் ஒரு லேப்டாப்பும் இத்தனைக்கும் அசையவில்லை. என் தங்கையிடம் இருப்பதும் தங்களுடைய இதே மாடல்தான். அவள் இன்னும் அந்த அப்டேட்டைப் போடவில்லை. ஒரு வார இறுதி முழுக்க அவள் போனை இங்கே வைத்துப் பார்த்தோம். இடைவெளி 600 வினாடியாக இருந்தபோதும் அது பாட்டுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது.

இந்தக் குறிப்புகளையும் ரவுட்டர் பதிவின் படங்களையும் மூன்றாவது கடிதத்தோடு இணைத்திருந்தேன். வந்த பதில்: “முழு ரீசெட் செய்து பாருங்கள்.”

செய்தேன். அதனால் வந்த கூத்தையும் கேளுங்கள். ஆண்ட்ராய்டு 10 வந்த 2019 முதல், போன் ஒவ்வொரு வைஃபைக்கும் தன் உண்மையான மேக் முகவரியை (கருவியை அடையாளம் காட்டும் எண்ணை) காட்டாமல், தானே உருவாக்கிய ஒரு முகவரியைக் காட்டுகிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் முழு ரீசெட் செய்தால் அந்த முகவரி மாறிவிடும். என் வீட்டு ரவுட்டரில், அனுமதித்த கருவிகளின் பட்டியலில் இருப்பவை மட்டுமே சேர முடியும் என்று வைத்திருக்கிறேன். ரீசெட்டுக்குப் பிறகு பாஸ்வேர்டு சரியாகக் கொடுத்தும் போன் உள்ளேயே போகவில்லை. மணிக்கு ஒருமுறை அறுபட்டுக்கொண்டிருந்தது, ஒரேயடியாக அறுந்தே போனது. காரணம் பிடிபட ஒரு மாலைப் பொழுது போயிற்று. முழு ரீசெட் செய்யச் சொன்னவர் இந்த ஒரு வரியைச் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

சர்வீஸ் சென்டருக்குப் போனைக் கொடுத்தபோது நான்கு நாள் வைத்திருந்தார்கள். திருப்பித் தந்த சீட்டில் ‘சோதித்தோம், பழுது ஏதுமில்லை’ என்று இருந்தது. எப்படிச் சோதித்தீர்கள் என்று கேட்டேன். கடை வைஃபையில் சேர்த்து, இருபது நிமிடம் வீடியோ ஓட்டிப் பார்த்தோம் என்றார் கவுண்டரில் இருந்தவர். திரை விழித்திருக்கும்போது வராத பழுதை, திரையை விழிக்கவைத்தே தேடியிருக்கிறார்கள். ஒரு மணிக்கு ஒருமுறை வருவதை இருபது நிமிடத்தில் தேடியிருக்கிறார்கள். சீட்டைக் கொடுத்த அந்த இளைஞர் மேல் எனக்குக் கோபமில்லை. அவர் கையில் இருந்த சோதனைப் பட்டியல் அப்படி.

ஐந்தாவது கடிதத்துக்குப் பிறகு தொலைபேசியில் அழைத்தவர் வேறொரு யோசனை சொன்னார்: “ரவுட்டரில் பாஸ்வேர்டை எடுத்துவிட்டுப் பாருங்கள் சார், சரியாகிவிடும்.” சரியாகத்தான் போகும். பூட்டே இல்லாத வீட்டில் சாவி மாற்றும் வேலை ஏது? ஆனால் தெருவில் போகிறவர் எல்லாம் என் வைஃபையில் சேரலாம், காற்றில் போகும் தகவல் மறையாக்கமே இல்லாமல் போகும். வைஃபையின் சாவிக் கைகுலுக்கல்களைக் குறிவைக்கும் ‘கிராக்’ என்ற பலவீனம் 2017-இல் வெளியானபோது, உலகம் முழுக்க நிறுவனங்கள் அவசர அவசரமாகத் திருத்தம் அனுப்பின. அப்படி அடைத்த கதவைக் கழற்றி வைக்கச் சொல்லும் ஆலோசனை, போன் செய்து விற்கும் நிறுவனத்திடமிருந்தே வருகிறது.

இப்போது ரவுட்டரை 86400 வினாடியில் வைத்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன். இதைத் தீர்வு என்று எழுதிப் புகாரை முடித்துவிட வேண்டாம். நாளைக்கு ஒருமுறை அறுபடத்தான் செய்கிறது. அலுவலகத்து ரவுட்டரில் நான் கை வைக்கவும் முடியாது. தங்கையோ ‘அப்டேட் தயார்’ என்று அவள் போன் தினமும் காட்டும் அறிவிப்பைத் தினமும் தள்ளிவிடுகிறாள். அதே அப்டேட்டில்தான் பாதுகாப்புத் திருத்தங்களும் வருகின்றன என்பதால் அவளை மெச்சவும் முடியவில்லை, திட்டவும் முடியவில்லை.

எனக்கு வேண்டியது இவ்வளவுதான். இது மென்பொருள் பழுது என்று பதிவு செய்து, என் குறிப்புகளை வைஃபைப் பகுதியைப் பார்க்கும் பொறியாளரிடம் சேர்த்துவிடுங்கள். திருத்தம் எந்த அப்டேட்டில் வரும் என்று எழுத்தில் சொல்லுங்கள். அதற்கு நாளாகும் என்றால், முந்தைய மென்பொருளுக்குத் திரும்ப சர்வீஸ் சென்டரில் ஏற்பாடு செய்து கொடுங்கள். ‘பழுது ஏதுமில்லை’ என்ற சீட்டை ரத்து செய்யுங்கள். நாளை வாரண்டி பற்றிப் பேச்சு வரும்போது அந்தச் சீட்டு எனக்கு எதிராக நிற்கும். போன் தங்களிடம் இருந்த நான்கு நாளையும், முதல் புகார் தந்த நாளிலிருந்து இன்றுவரை கழிந்த நாட்களையும் வாரண்டியில் கூட்டித் தர வேண்டும் என்றும் கேட்கிறேன். மாற்றுப் போன் கேட்கவில்லை. புதிய போனிலும் இதே மென்பொருள்தானே இருக்கும்.

15 நாட்களுக்குள் இதற்கான பதில் வராவிட்டால், ஆறு கடிதங்களையும் ஐந்து பதில்களையும் அப்படியே சேர்த்து நுகர்வோர் குறைதீர் அமைப்பிடம் கொடுப்பேன்.

பதிலை மின்னஞ்சலில் அனுப்புங்கள். அழைத்துப் பேசுவதானால் பகலில் அழைக்கவும். இரவில் என் போன் மணி அடிக்கும் என்று உறுதி சொல்ல முடியாத நிலையில் இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள வாடிக்கையாளர்

இணைப்பு: ரவுட்டர் பதிவின் படங்கள், நேரக் குறிப்புகள், சர்வீஸ் சென்டர் சீட்டின் நகல்