மழை நாளில் வில்: நண்பனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் இங்கே எல்லோருக்கும் நிம்மதி. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடச் சொல். என் பேத்தி ஒன்றாம் வகுப்புக்குப் போக ஆரம்பித்துவிட்டாள். எனக்குக் காலையும் மாலையும் வில்வித்தை மைதானத்தில் பிள்ளைகளோடு பொழுது போகிறது.

வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டதால் பாதிப் பயிற்சி நனைந்தபடிதான். "மழையில் எதுக்கு சார்?" என்று பெற்றோர் சிலர் கேட்கிறார்கள். மின்னல் வெட்டினால் உடனே எல்லோரையும் உள்ளே அனுப்பிவிடுவேன். ஆனால் வெறும் மழைக்காகத் திறந்தவெளிப் போட்டியை நிறுத்த மாட்டார்கள். போட்டி அன்றைக்குத்தான் முதல்முறை நனைவது என்றால் அந்தப் பிள்ளை பாவம்.

மழைத்துளி அம்பைக் கீழே தள்ளிவிடுமா என்று கேட்டிருந்தாய். பறக்கும்போது மேலே விழும் துளிகளால் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை. ஒலிம்பிக் தூரம் 70 மீட்டர். நுனிகள் முன்பக்கம் வளைந்த நல்ல ரிகர்வ் வில்லிலிருந்து கிளம்பும் அம்பு அதைக் கடக்க ஒரு நொடிக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் ஆகும். கெடுதல் எல்லாம் கிளம்புவதற்கு முன்பே நடந்துவிடுகிறது. அம்பின் மொத்த எடையே ஏறக்குறைய 20 கிராம். வால் பக்கம் பத்துத் துளி ஒட்டிக்கொண்டால் அரை கிராம் கூடிவிடும். நாணும் ஈரத்தில் கனக்கும். இரண்டும் சேர்ந்து வேகம் நூற்றில் ஒரு பங்கு குறைகிறது என்று வைத்துக்கொள். நாம் படித்த பள்ளிக்கூட இயற்பியலை வைத்தே கணக்குப் போட்டேன்: வினாடிக்கு 60 மீட்டர் வேகத்தில் போகும் அம்பு 70 மீட்டரில் வழக்கத்தைவிடச் சுமார் 13 செ.மீ. கூடுதலாகக் கீழே இறங்கிவிடுகிறது. 122 செ.மீ. இலக்கில் ஒவ்வொரு வளையமும் 6.1 செ.மீ. அகலம். நட்டநடுவில் பத்து வாங்க வேண்டிய அம்பு எட்டில் போய்க் குத்தும்.

இறங்குவதுகூடப் பரவாயில்லை. எல்லா அம்பும் ஒரே அளவு இறங்கினால் வில்லில் குறி பார்க்க வைத்திருக்கும் சைட்டைக் கொஞ்சம் கீழே நகர்த்தினால் தீர்ந்தது. ஒரு அம்பு சொட்டச் சொட்ட நனைந்தது, அடுத்தது துடைத்தது, மூன்றாவது அரைகுறை ஈரம் என்றால்தான் குறி சிதறுகிறது. அதனால் பிள்ளைகளிடம் நான் ஓயாமல் சொல்வது இதுதான்: துடைத்தால் எல்லாவற்றையும் துடை, இல்லாவிட்டால் எல்லாமே நனையட்டும்.

இங்கே பழகும் பெண் ஒருத்தி இதை அழகாகப் பிடித்துக்கொண்டாள். அம்பைக் கோக்கும் முன் நாணை விரலால் ஒரு சுண்டு சுண்டுவாள். நீர் பொடிப்பொடியாகத் தெறிக்கும். பிறகு அம்பின் வாலை ஒரே உதறு. நாண் அறுக்காமலிருக்க விரலில் மாட்டும் தோல் பட்டையை, தன் முறை வரும்வரை இடுப்புத் துண்டுக்குள் செருகி வைத்திருப்பாள். ஊறிய தோலில் நாண் ஒருநேரம் வழுக்கும், ஒருநேரம் ஒட்டும். எது நடக்கும் என்று சொல்ல முடியாது. நிஜ இறகு கட்டிய அம்பு நனைந்தால் இறகு படிந்துவிடும் என்பதால் வெளியில் பிளாஸ்டிக் வால்தான். கப்பிகள் வைத்த காம்பவுண்ட் வில்காரர்களுக்கு, குறி பார்க்க நாணில் பதித்த பீப் துளைக்குள் ஒரு சொட்டு நின்றாலே இலக்கு மறைந்துவிடும்.

இவை எல்லாவற்றுக்கும் வழி உண்டு. ஆளைச் சமாளிப்பதுதான் கஷ்டம். இமையில் நீர் வழிந்ததும் சிலர் வழக்கத்தைவிட அதிக நேரம் இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள், தோள் தளர்ந்துவிடும். சிலர் சீக்கிரம் முடிந்தால் போதும் என்று அவசரப்படுவார்கள். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் மகளிர் குழு இறுதி ஆட்டம் லார்ட்ஸ் கிரிக்கெட் மைதானத்தில் மழையில்தான் நடந்தது. அணிக்கு 24 அம்பு, முழுப் புள்ளி 240. தென் கொரியா எடுத்தது 210, சீனா 209. உலகின் தலைசிறந்த கைகளுக்கே சராசரி ஒன்பதுக்குக் கீழே போய்விட்டது! கடைசி அம்பில் ஒன்பது விழுந்தால்தான் தங்கம் என்ற நிலையில் தென் கொரியாவின் கி போ-பே ஒன்பதை எய்தார். அந்த அம்பைப் பற்றிப் பிள்ளைகளுக்கு எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுப்பதில்லை.

அப்புறம், சரித்திர வாத்தியாரான உனக்கு ஒன்று. கி.மு. 326இல் ஜீலம் நதிக்கரையில் அலெக்சாண்டரை எதிர்த்த போரஸ் மன்னரின் வில்லாளிகள் நினைவிருக்கிறதா? நம் நாட்டு வில் ஆள் உயரம் இருக்கும், அதைத் தரையில் ஊன்றி இடது காலால் அழுத்தித்தான் இழுப்பார்கள் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் அர்ரியன் எழுதுகிறார். முந்தைய இரவு இடியும் மழையும். தரை வழுக்கியதால் வில்லை ஊன்ற முடியாமல் போனது என்கிறார் ரோமானிய ஆசிரியர் கர்ட்டியஸ் ரூஃபஸ். அங்கேயும் கெட்டது அம்பு இல்லை, நிற்கும் நிலை. இப்போதெல்லாம் மழையில் நான் முதலில் பார்ப்பது பிள்ளைகளின் கால்களைத்தான்.

கர்ட்டியஸ் புத்தகம் உங்கள் கல்லூரி நூலகத்தில் இருந்தால் அந்தப் பகுதியை மட்டும் நகல் எடுத்து அனுப்பு. பிள்ளைகளுக்குப் படித்துக் காட்ட வேண்டும். பொங்கலுக்குக் கட்டாயம் குடும்பத்தோடு வா. அம்மாவிடம் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்