கோடை விடுமுறைக்கு வரவிருக்கும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். அப்பாவுக்கு முட்டுவலி கொஞ்சம் குறைந்திருக்கிறது. தைலத்தால் குறைந்ததா, நீங்கள் வருகிறீர்கள் என்பதால் குறைந்ததா என்று தெரியவில்லை.

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய அட்டவணையை அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாக வாசித்தார். வாசித்துவிட்டு, "இது சுற்றுலாவா, தேர்தல் பிரச்சாரமா?" என்று கேட்டார். காலையில் கன்னியாகுமரி, மதியம் பத்மநாபபுரம் அரண்மனை, சாயங்காலம் திற்பரப்பு. மறுநாள் குற்றாலம், பாபநாசம், மணிமுத்தாறு. உனக்கும் மாப்பிள்ளைக்கும் அது சரிப்படும். ஏழு வயதுப் பையனும் நாலு வயதுப் பெண்ணும் காரின் பின் இருக்கையைத்தான் சுற்றிப் பார்ப்பார்கள்.

ஒரு நாளைக்கு ஓர் இடம் போதும், அதுவும் வெயிலுக்கு முன்னால் அல்லது வெயில் தாழ்ந்த பிறகு. நீங்கள் வரும் வாரம் கத்திரி வெயில் உச்சத்தில் இருக்கும். பெங்களூர்க் காற்றில் இருந்துகொண்டு பாளையங்கோட்டை வெயிலை மறந்திருப்பாய். பத்து, பத்தரைக்குள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். மதியம் தூங்கட்டும். தூக்கம் வராவிட்டால் தாயக்கட்டையும் பல்லாங்குழியும் பரணிலிருந்து இறக்கித் துடைத்து வைத்திருக்கிறேன். பொழுது போகவில்லை என்று அழுவார்கள். அழட்டும். சற்று நேரத்தில் அவர்களே ஏதாவது ஒன்றைக் கண்டுபிடிப்பார்கள். அப்போது நாம் போய் என்ன செய்கிறாய் என்று கேட்காமல் இருந்தால் போதும்.

அட்டவணையிலிருந்து குற்றாலத்தை முதலில் அடித்துவிடு. மே மாதம் அங்கே பெரும்பாலும் பாறையைத்தான் பார்க்கலாம். தென்மேற்குப் பருவமழை தொடங்கி ஜூனில்தான் சாரல் வரும். நடுவில் மலையில் கோடை மழை பெய்தால் தண்ணீர் விழும்தான், ஆனால் அந்தத் தண்ணீரை நம்ப முடியாது. 2024 மே மாதத்தில் பழைய குற்றாலத்தில் திடீரென்று வெள்ளம் வந்து ஒரு பையன் போய்விட்டதை நீயும் செய்தியில் பார்த்திருப்பாய். பிள்ளைகள் அருவியில் நனைய வேண்டும் என்றால் பாபநாசத்துக்கு மேலே அகத்தியர் அருவி இருக்கிறது. வருஷம் முழுவதும் தண்ணீர் விழும் இடம். சோதனைச் சாவடியில் பிளாஸ்டிக்கை வாங்கி வைத்துக்கொள்வார்கள். ஆகையால் பிஸ்கட் பாக்கெட் வேண்டாம், புளிச்சோறும் தேங்காய்த் துவையலும் வாழையிலையில் கட்டித் தருகிறேன். குரங்குக்குத் தெரியாமல் சாப்பிடுவது உங்கள் சாமர்த்தியம்.

சின்னவளை அருவிக்கு நேர் கீழே நிறுத்தக் கூடாது. ஓரத்தில் தெறிக்கும் தண்ணீரே அவளுக்குப் போதும். ஆற்றில் இறங்கினால் படித்துறையோடு சரி. தாமிரபரணி மேலே பார்க்கச் சாதுவாக இருக்கும், நாலு எட்டு தள்ளிக் கசம், அதாவது ஆழமான மடு, இருக்கும். ஊர்க்காரர்கள் குளிக்காத இடத்தில் ரப்பர் வளையத்தை நம்பி யாரும் இறங்க வேண்டாம். இதை மாப்பிள்ளையிடம் நீயே பக்குவமாகச் சொல்லிவிடு, நான் சொன்னால் நன்றாக இருக்காது.

எனக்கு ஆசை திருச்செந்தூர்ப் பயணத்தில்தான். காரை வீட்டிலேயே விட்டுவிட்டு ரயிலில் போவோம். திருநெல்வேலி ஜங்ஷனிலிருந்து சுமார் அறுபது கிலோமீட்டர். சின்னவளுக்கு டிக்கெட் வேண்டாம், பெரியவனுக்கு அரை டிக்கெட். 1923-இல் திறந்த பாதை அது. ஜங்ஷனை விட்டதும் ஆற்றுப் பாலம், பிறகு செய்துங்கநல்லூர், ஸ்ரீவைகுண்டம், நாசரேத், குரும்பூர் என்று வயலும் வாழைத் தோட்டமும் கூடவே வரும். ஒவ்வொரு நிலையத்திலும் பெயர்ப் பலகையைப் பெரியவன் எழுத்துக் கூட்டி வாசிக்கட்டும். "ஆழ்வார்திருநகரி" என்று அவன் வாசித்து முடிப்பதற்குள் வண்டி கிளம்பிவிடும், பார்.

ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் அவனுக்குச் சொல்ல ஒரு கதை வைத்திருக்கிறேன். 2023 டிசம்பர் வெள்ளத்தில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தண்டவாளத்துக்கு அடியில் மண் அரித்துப் போனதால், சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் இந்த நிலையத்திலேயே நின்றுவிட்டது. உள்ளே சுமார் 800 பேர். சுற்றிலும் தண்ணீர், வெளியிலிருந்து யாரும் வர வழியில்லை. பக்கத்துப் புதுக்குடி ஊர்க்காரர்கள்தான், தங்கள் பக்கமும் வெள்ளம் சூழ்ந்திருக்கும்போதே, சோறாக்கிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். வீட்டில் உட்கார்ந்து இதைச் சொன்னால் அவன் காதில் ஏறாது. அந்த நடைமேடையைக் காட்டிச் சொன்னால், ரயிலுக்குள் எங்கே தூங்கினார்கள், குழந்தைகள் இருந்தார்களா, பால் இருந்ததா என்று திருச்செந்தூர் வரும்வரை கேட்டுக்கொண்டே வருவான்.

மாலை வண்டியில் போனால் வெயில் தணிந்த பிறகு கடற்கரையில் விளையாடலாம். கடலுக்கு இத்தனை அருகில், கோயில் பக்கத்தில் இருக்கும் நாழிக்கிணற்றுத் தண்ணீர் எப்படி உப்புக் கரிக்காமல் இருக்கிறது என்று அப்பா விளக்கம் சொல்லத் தொடங்குவார், அதையும் கேட்டுத்தான் ஆக வேண்டும். இரவு அங்கேயே தங்குவோம். விடியும்போது ஒரு வண்டி பிடித்துக் குதிரைமொழித் தேரிக்குப் போக வேண்டும் என்பது என் திட்டம். செக்கச் சிவந்த மணல், கண்ணுக்கு எட்டிய வரைக்கும். அத்தனையும் இரும்புச் சத்து ஏறிய மண். காலையில் அது குளிர்ந்திருக்கும், மேட்டில் ஏறிச் சறுக்கலாம். ஒன்பது மணிக்கு மேல் கால் வைக்க முடியாது.

இது பதநீர்க் காலம். பச்சை ஓலையை மடித்துக் கட்டிய பட்டையில் ஊற்றிக் கொடுப்பார்கள். இரண்டு கையாலும் பிடித்து, ஓரத்தில் வாய் வைத்து உறிஞ்ச வேண்டும். கொஞ்சம் சாய்த்துவிட்டால் மறுபக்கம் வழியாகச் சட்டைக்குள் போய்விடும். ஓலையின் பச்சை வாசனை முதலில் வரும், அதற்குப் பிறகுதான் தித்திப்பு. நுங்கு கிடைத்தால் அதையும் நோண்டிப் போடச் சொல்லுவோம். கலயத்துக்குள் வெள்ளையாக என்ன பூசியிருக்கிறது என்று பெரியவன் கேட்காமல் இருக்க மாட்டான். சுண்ணாம்பு. அது இல்லாவிட்டால் இறங்குவதற்குள் புளித்துக் கள்ளாகிவிடும் என்பதைப் பனையேறுகிறவரே அவனுக்குச் சொல்லட்டும். அவரிடமிருந்து கேட்டால் அவன் நம்புவான். நீ சொன்னால் இணையத்தில் பார்த்துச் சரிபார்ப்பான்.

நவதிருப்பதி என்னும் பெருமாள் கோயில்கள் ஒன்பதையும் ஒரே நாளில் பார்க்கும் வேன் பயணம் வேண்டவே வேண்டாம். ஆழ்வார்திருநகரி ஒன்று போதும். அதற்கு முந்தின இரவு பெரியவன் கையில் டார்ச் லைட்டைக் கொடுத்து, நம் தெருமுனையில் நிற்கும் புளியமரத்தைக் காட்டுவேன். இருட்டியதும் இலைகள் ஜோடி ஜோடியாக மூடிக்கொண்டிருக்கும். மறுநாள் ஆதிநாதர் கோயிலில் உறங்காப்புளி. நம்மாழ்வார் அமர்ந்திருந்த அந்த மரம் இரவிலும் இலை மூடாது என்று சொல்வார்கள். பகலில் வந்து பார்த்தால் எப்படித் தெரியும் என்று அவன் கேட்டால், அந்தக் கேள்வியை அடக்கிவிடாதே. எனக்கும் சின்ன வயதிலிருந்து அதே சந்தேகம்தான்.

கூந்தன்குளத்துக்கு ஒரு விடியற்காலை. சுமார் 35 கிலோமீட்டர். குளத்தில் தண்ணீர் இருந்தால் நாரைகள் இன்னும் இருக்கும், கூட்டில் குஞ்சுகளும் இருக்கும். மங்கோலியா பக்கத்திலிருந்து வரும் வரித்தலை வாத்துகள் குளிர்காலம் முடிந்ததும் போயிருக்கும். 1994-இல் சரணாலயமாக அறிவித்தார்கள் என்றாலும், அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே ஊர்க்காரர்கள்தான் காவல். பறவைகள் பயந்துவிடும் என்று தீபாவளிக்குக்கூட வெடி போடாத ஊர். வீட்டு முற்றத்து மரத்திலேயே கூடு கட்டியிருக்கும், எச்ச வாடை மூக்கைத் துளைக்கும். நீ மூக்கைப் பொத்துவாய், சின்னவள் சிரிப்பாள்.

கன்னியாகுமரியை டிசம்பருக்கு வைத்துக்கொள்வோம். கடலுக்கு நடுவே 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் இருக்கட்டும், இந்த வெயிலில் படகு வரிசையில் நிற்க என்னால் ஆகாது. உன்னைச் சின்ன வயதில் அங்கே அழைத்துப் போனோமே, உனக்கு இன்று என்ன நினைவிருக்கிறது? போன தடவை கேட்டதற்குப் பனையோலைக் கிலுகிலுப்பை என்றுதான் சொன்னாய்.

படம் எடுப்பதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளைகள் ஏதாவது குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது மட்டும் "இங்கே பார், சிரி" என்று கூப்பிடாமல் இருங்கள்.

நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் டிக்கெட் உறுதியானதும் தெரியப்படுத்து, அப்பா ஜங்ஷனுக்கு வந்துவிடுவார். பிள்ளைகளுக்குப் பழைய துணியாக இரண்டு செட் தனியாக எடுத்து வை. தேரி மண் பட்டால் எந்தச் சோப்புக்கும் போகாது. புதுச் சட்டையைப் போட்டு அனுப்பிவிட்டு, பிறகு என்னிடம் சண்டைக்கு வரக் கூடாது.

அன்புடன்,
அம்மா