ரட்டா, ரோச்சா?

அன்பு மகளுக்கு,

லீட்ஸ் கால்வாயில் பேரன் பிடித்த மீனின் படம் வந்தது. ரட், ரோச் என்று ஒன்றுபோலவே இருக்கும் இரண்டு மீன்கள் உண்டு. துடுப்பு சிவப்பாக இருக்கிறது, அதனால் ரட்தான் என்று அவன் அடித்துச் சொல்கிறான். நான் பார்த்த அளவில் அது ரோச். காரணத்தைப் போனில் சொன்னால் பாதி மறந்துவிடும் என்றுதான் எழுதுகிறேன். அவனுக்குப் படித்துக் காட்டு.

இங்கிலாந்தின் ஆற்று மீன், குளத்து மீன் எதையும் நிறத்தை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. ரோச், ரட், பெர்ச் மூன்றுக்கும் கீழ்த்துடுப்பு சிவப்புதான். கலங்கல் தண்ணீரில் வெளுத்திருக்கும் மீன், தெளிந்த குளத்தில் பளபளவென்று இருக்கும். உடம்பின் அமைப்பு அவ்வளவு சுலபமாக மாறாது.

முதலில் வாயைப் பார்க்கச் சொல். ரட் பெரும்பாலும் தண்ணீரின் மேல்மட்டத்தில் இரை தேடும். அதனால் கீழ்த்தாடை முன்னால் நீண்டு, வாய் மேல்நோக்கித் திறக்கும். ரோச்சுக்கு மேலுதடுதான் கொஞ்சம் முன்னால் இருக்கும், அடியில் கிடப்பதைப் பொறுக்க அதுதான் தோது. அப்புறம் முதுகுத் துடுப்பு. அது தொடங்கும் இடத்திலிருந்து நேர்கீழே ஒரு கோடு இழுத்தால், ரோச்சில் வயிற்றுத் துடுப்பு தொடங்கும் இடத்துக்கே வந்து சேரும். ரட்டில் முதுகுத் துடுப்பு நன்றாகப் பின்னால் தள்ளியிருக்கும். நீ அனுப்பிய படத்தில் இந்த இரண்டுமே ரோச்சுக்கு உரியபடிதான் தெளிவாகத் தெரிகின்றன.

ஆனாலும் ஒரு சந்தேகம் மிச்சம் இருக்கிறது. ரோச்சும், பிரீம் என்ற இன்னொரு மீனும் ஒரே இடத்தில் முட்டையிடும்போது கலந்துவிடுவது உண்டு. அந்தக் கலப்பு மீன் பார்க்க ரோச் போலவே இருக்கும். வயிற்றுக்குப் பின்னால், வாலுக்கு முன்னால் அடியில் ஒரு துடுப்பு இருக்கிறதே, அதை விரித்து உள்ளே கம்பிபோல் ஓடும் கதிர்களை எண்ண வேண்டும். ரோச்சில் கிளைவிட்ட கதிர்கள் 12-ஐத் தாண்டாது. பிரீமில் 20-க்கு மேல் போகும். கலப்பில் எண்ணிக்கை நடுவில் விழும். அவன் கட்டைவிரல் சரியாக அந்த இடத்தைத்தான் மறைத்திருக்கிறது. அடுத்த முறை கையை நனைத்துக்கொண்டு, மீனை ஈரமான விரிப்பில் கிடத்தி, துடுப்பை மெல்ல விரித்து, பக்கவாட்டில் ஒரு படம் எடுங்கள். எடுத்ததும் தண்ணீரில் விட்டுவிடுங்கள். உலர்ந்த கை பட்டால் மீன்மேல் இருக்கும் வழவழப்பு போய்விடும். அதுதான் அதற்கு நோய் வராமல் காப்பது.

பிடித்ததை ஏன் திருப்பி விட வேண்டும் என்று அம்மா கேட்டாள். இங்கே எந்த மீனை, எந்த அளவில், எத்தனை எடுக்கலாம் என்று சட்டமே வரம்பு வைத்திருக்கிறது. அதற்கும் நீர்நிலையின் உரிமையாளர் சம்மதிக்க வேண்டும். அவனுக்கு 13 வயது ஆகாததால் லைசென்ஸ் வேண்டாம். நீ தூண்டிலைக் கையில் எடுத்தால் கட்டாயம் வேண்டும்.

அவனை வார்ஃப் ஆற்றுக்குக் கூட்டிப்போகிறாயா? மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை ஆறுகளில் இந்த வகை மீன்களுக்குத் தூண்டில் போடக் கூடாது, முட்டையிடும் காலம். பெரும்பாலான கால்வாய்களுக்கு அந்தத் தடை இல்லை. வார்ஃபில் சப், டேஸ் என்ற இரண்டு மீன்கள் அவனைக் குழப்பும். சிறு சப்பையும் டேஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும் சட்டென்று பிரித்துச் சொல்ல முடியாது. அதே அடித்துடுப்பின் ஓரத்தைப் பார்த்தால் போதும். சப்பில் அது வெளிப்பக்கமாக உருண்டிருக்கும், டேஸில் அரிவாள்போல் உள்வளைந்திருக்கும். மீசையையும் எண்ணச் சொல்: கட்ஜனுக்கு 2, பார்பெலுக்கு 4, ஸ்டோன் லோச்சுக்கு 6.

இதெல்லாம் வெறும் பெயர் விளையாட்டு என்று நினைத்துவிடாதே. குரூசியன் கார்ப் என்று ஒரு மீன் இருக்கிறது. மீசை கிடையாது, முதுகுத் துடுப்பின் ஓரம் வெளிப்பக்கமாக வளைந்திருக்கும், உடம்பு வெண்கல நிறம். அது இருக்கும் குளத்தில் யாராவது தங்கமீனைக் கொண்டுவந்து விட்டால் இரண்டும் இனம் கலந்துவிடும். தங்கமீனும் குளத்தில் பழுப்பு நிறத்தில் இருப்பது உண்டு. பார்த்தவர்களெல்லாம் அதையும் குரூசியன் என்றே சொல்லிக்கொண்டிருந்தால், அசல் மீன் அழிந்துபோனதே யாருக்கும் தெரியாது. எனக்கு அதுதான் ஆறவில்லை. நார்ஃபோக்கில் தூர்ந்துபோன பண்ணைக் குளங்களைத் தூர்வாரி, அசல் குரூசியனை மறுபடி விட்டு வளர்க்கிறார்கள். கோடை விடுமுறையில் நீங்கள் இங்கே வந்தால் அந்தப் பக்கம் ஒரு நடை போய்வரலாம் என்று ஆசை.

கால்வாயில் பெர்ச் கிடைத்தால் கவனம். முன் முதுகுத் துடுப்பு முழுக்க முள். தலையிலிருந்து வால்பக்கமாகத் தடவி, முள்ளை மடக்கிய பிறகே பிடிக்கச் சொல். அந்த அடித்துடுப்புப் படத்தை மறக்காமல் அனுப்பு.

அன்புடன்,
அப்பா