ஒரே ஆள், ஒரே கொள்கை, ரெண்டு நாவல்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழ்ல கொள்கையும் கதையும் பத்தி வந்த கட்டுரைய படிச்சேன். கொள்கை உள்ள வந்துட்டா கதை செத்துரும், அதுக்கு சோவியத் நாவல்களே சாட்சின்னு ஒரே போடா போட்டுட்டார் கட்டுரையாளர். இதுக்கு மறுப்பு எழுதப் போறவங்க வழக்கம்போல எல்லா எழுத்தும் அரசியல்தான்னு சொல்லிட்டு கிளம்பிருவாங்க. ரெண்டு தரப்புமே ஒரு புத்தகத்தையாவது பிரிச்சு வச்சு எங்க கெட்டுச்சு எப்படி கெட்டுச்சுன்னு காட்டுறதே இல்ல, அதான் எனக்கு கடுப்பு.

சோவியத்த எடுத்தாச்சுல்ல, அங்கயே வருவோம். அலெக்சாந்தர் ஃபதேயெவ் எழுதின இளம் காவலர் நாவல். உக்ரைன்ல க்ராஸ்னதோன்னு ஒரு நிலக்கரிச் சுரங்க ஊர், 1942ல ஜெர்மன்காரன் புடிச்சிட்டான், பெரும்பாலும் ஸ்கூல் முடிக்கிற வயசுப் பசங்க சேந்து ரகசியமா நோட்டீஸ் ஒட்டுறாங்க, நவம்பர் புரட்சி நாளுக்கு ராத்திரியோட ராத்திரியா செங்கொடி ஏத்துறாங்க, ஊர் சனத்த ஜெர்மனிக்கு வேலைக்கு இழுத்துட்டுப் போக பேர்பட்டியல் வச்சிருந்த ஆபீஸையே கொளுத்துறாங்க. 1943 ஜனவரில மாட்டி, சித்திரவதை பண்ணி, முக்காவாசிப் பேர சுரங்கக் குழில தள்ளிட்டாங்க. நடந்த கதை இது. ஃபதேயெவ் அந்த ஊருக்கே போய் விசாரிச்சு எழுதினார், 1946ல ஸ்டாலின் பரிசு கிடைச்சுது.

அப்புறம்தான் வில்லங்கம். 1947 கடைசில கட்சியோட பிராவ்தா பத்திரிகை புடிச்சுது பாருங்க. பசங்கள வழிநடத்தின கட்சிய காணோம், படை பின்வாங்கற இடத்துல ஒரே குழப்பமா காட்டிட்டாருன்னு குத்தம். எழுத்தாளர் சங்கத்துக்கே தலைவரா இருந்த மனுஷன், உக்காந்து திருத்தி எழுதி 1951ல புது பதிப்பு கொண்டாந்தார். லூத்திகவ் மாதிரி பெரியவங்க, மூத்த கட்சிக்காரங்க, ரெண்டாவதுல பெருசாகிட்டாங்க, பின்னாடி இருந்து திட்டம் போடுறாங்க, வழி சொல்றாங்க.

இதுல நம்ம கவனிக்க வேண்டியது அந்தப் பசங்களுக்கு என்ன ஆச்சுங்கறதுதான். முதல் பதிப்புல பதினாறு வயசுப் பையன் யாரும் சொல்லாம தானா ஒண்ணு செய்றான்னா அவனுக்குள்ள பயம் இருக்கு, ஆர்வக்கோளாறு இருக்கு, நம்ம பண்றது சரியான்னு சந்தேகம் இருக்கு. மேல ஒரு பெரியவர வச்சு அவர்தான் சொல்லி அனுப்பினார்னு ஆக்கிட்டா அதே காரியம் வெறும் சொன்ன பேச்சு கேக்கறது ஆயிருது, நோட்டீஸ் ஒட்டுற கை நடுங்க வேண்டிய அவசியமே இல்லாம போயிருது. இத்தனைக்கும் ஃபதேயெவ் முதல் பதிப்பு எழுதறப்பவும் அச்சு அசல் கம்யூனிஸ்ட்தான், கொள்கை மாறவே இல்ல! மாறினது என்னன்னா முதல் தடவ அந்தப் பசங்களுக்கு பதில் சொல்ல எழுதினார், ரெண்டாவது தடவ மேலிடத்துக்கு பதில் சொல்ல எழுதினார்.

(முதல் பதிப்பும் அப்பழுக்கில்லாததுன்னு சொல்ல வரல. அதுல ஸ்தகோவிச்னு ஒருத்தன் அடி தாங்காம காட்டிக்குடுக்கறான். ஊர்ல எல்லாரும் நிஜத்துல அது குழுவோட தலைமைல இருந்த விக்டர் த்ரெத்யகேவிச்தான்னு முடிவு பண்ணிட்டாங்க, பாவம் அந்தப் பையனையும் அதே குழிலதான் தள்ளியிருந்தாங்க, 1959லதான் அவன் துரோகி இல்லன்னு அரசாங்கமே அறிவிச்சுது.)

1956ல ஃபதேயெவ் தன்னைத்தானே சுட்டுக்கிட்டார். கட்சித் தலைமையே இலக்கியத்த அழிச்சிடுச்சுன்னு அவர் எழுதி வச்ச கடிதம் 1990லதான் வெளிய வந்துச்சு. இன்னொரு கூத்தும் உண்டு, போருக்கு அப்புறம் சோவியத் சமூகத்துல பெரிய மோதலே கிடையாது, நல்லவனுக்கும் அதவிட நல்லவனுக்கும் நடுவுலதான் போட்டின்னு ஒரு சித்தாந்தம் வச்சு நாடகமா எழுதித் தள்ளினாங்க, கடைசில 1952ல நாடகமெல்லாம் உசிரில்லாம கிடக்குன்னு அதே பிராவ்தாவே தலையங்கம் எழுதுச்சு.

சரி, அப்ப கட்டுரையாளர் சொன்னது சரிதானேன்னு நீங்க கேக்கலாம். அதே நாட்டுலதான் 1958ல கிர்கிஸ் எழுத்தாளர் ஐத்மாத்தவ் ஜமீலாங்கற கதைய எழுதினார். அவர் அப்பாவ ஸ்டாலின் காலத்துல சுட்டுக் கொன்னாங்க, அப்படியிருந்தும் அவரும் கட்சில சேந்தவர்தான். கதைலயும் கூட்டுப் பண்ணை இருக்கு, போர்முனைக்கு தானியம் அனுப்பற வண்டி இருக்கு, எல்லாம் கொள்கைக்கு ஏத்த சாமான்தான். ஆனா புருஷன் போர்ல இருக்கறப்ப பொண்டாட்டி ஜமீலா தானியார்ங்கற இன்னொருத்தனோட கிளம்பிப் போறா. புருஷன் சாதிக் வில்லனா? கிடையாது. அவன் வீட்டுக்கு எழுதற கடிதத்துல பெரியவங்க ஒவ்வொருத்தருக்கா முறையா வணக்கம் சொல்லிட்டு, கட்டக் கடைசில போற போக்குல ஜமீலாவுக்கும் ஒரு வணக்கம்னு ஒரு வரி. அவ்வளவுதான், ஒரு பொண்ணு ஏன் போனாங்கறதுக்கு ஒரு கடிதம் போதும். இன்னொரு இடத்துல ஜமீலாவும் கூட இருந்தவனும் வெளயாட்டுக்கு நூறு கிலோவுக்கு மேல இருக்கற மூட்டைய வண்டில வச்சு விட்டுர்றாங்க, கால்ல காயம் பட்ட தானியார் அத முதுகுல போட்டுக்கிட்டு பலகை மேல ஏறுறான், கீழ போட்டுரு போட்டுருன்னு இவங்க கத்தறாங்க, அவன் போடல. பெண் விடுதலைன்னு யாரும் வாயத் திறக்கல சார், ஆனா அந்தக் காலத்து தமிழ் மொழிபெயர்ப்புல படிச்சவங்க இன்னைக்கும் அந்த மூட்டைய மறக்கல.

இந்த வியாதி இடதுசாரிக்கு மட்டும்னு நினைக்காதீங்க. கம்யூனிசத்த வெறுத்த அமெரிக்க எழுத்தாளர் அய்ன் ராண்ட் 1957ல அட்லஸ் ஷ்ரக்ட்னு நாவல் எழுதினாங்க, கிட்டத்தட்ட 60 பக்கத்துக்கு அதோட ஹீரோ ஜான் கால்ட் ரேடியோல பேசறார், எதிர்ப்பக்கம் நிக்கறவன் உருப்படியா ஒரு வாதம் வைக்கறதே இல்ல. நம்ம சினிமால கோர்ட் சீன்லயும் மேடை சீன்லயும் ஹீரோ கேமராவப் பாத்து பேசறப்ப எதிர்ல இருக்கறவன் தலைய குனிஞ்சுக்கிட்டு நிப்பான்ல, அதே கதைதான், என்ன, நமக்கு புடிச்ச கொள்கையா இருந்தா விசில் அடிக்கறோம்.

அதனால கட்டுரையாளர்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டு சொல்லுங்க. சோவியத் எழுத்து மொத்தமும் பிரச்சாரம்னு எழுதினாரே, அந்த மொத்தத்துல ஜமீலாவும் சேத்தியா இல்லையா? சேத்தின்னா எந்தப் பக்கத்துல பிரச்சாரம் இருக்குன்னு அடுத்த இதழ்ல எழுதச் சொல்லுங்க, நான் புத்தகத்தோட காத்திருக்கேன்.

இப்படிக்கு,
உங்க வாசகன்,
கோவில்பட்டி