குழாயில் விரல் விட்டுப் பார்

பாளையங்கோட்டை,
ஞாயிறு இரவு.

அன்பு மாப்பிள்ளை,

உன் கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. பேத்தி பிறந்த செய்தியைப் படித்ததும் வீட்டில் எல்லாருக்கும் வாய்கொள்ளாத சிரிப்பு. தங்கச்சியைக் கொஞ்சம் ஓய்வெடுக்கச் சொல். மகளுக்குப் பிள்ளைப்பேறு பார்த்தவள் தன் உடம்பைக் கவனிக்க மாட்டாள்.

லாரி விஷயத்துக்கு வருகிறேன். சைலன்சருக்குள் கரியைப் பிடிக்கும் வடிகட்டியை எடுத்துவிட்டு, புகையின் நச்சைக் குறைக்க ஊற்றும் யூரியாக் கரைசலான ஆட்புளூ இல்லாமலே ஓடும்படி ஒரு பெட்டி மாட்டித் தருவதாக ஒருவர் சொல்கிறார் என்று எழுதியிருக்கிறாய். வேண்டாம். நான் அதைச் செய்து பட்டவன்.

என் வண்டி 2021இல் எடுத்தது, பி.எஸ்.6 என்ற புதிய புகை விதிப்படி வந்தது. வள்ளியூர்ப் பக்கத்துக் குவாரியிலிருந்து ஜல்லி ஏற்றிப் பக்கத்து ஊர்களில் இறக்குவேன். எல்லாம் குட்டை நடை. வரிசையில் நிற்கும் நேரமெல்லாம் இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும். வடிகட்டியில் சேர்ந்த கரி எரிந்துபோக அது சுமார் 600 டிகிரி சூடேற வேண்டும். நின்ற இடத்தில் உறுமும் வண்டிக்கு அந்தச் சூடு எங்கே வரும்? அடைத்துக்கொண்டது. மூன்றாவது தடவை எச்சரிக்கை விளக்கு எரிந்து வண்டி மேட்டில் இழுக்காமல் நின்ற அன்று, ஒரு பட்டறையில் சொன்னதைக் கேட்டு எல்லாவற்றையும் குடைந்து எடுக்க விட்டேன்.

அடுத்த மாதமே புகைப் பரிசோதனை. நியூட்ரலில் வைத்து ஆக்ஸிலேட்டரை அடிவரை மிதிக்கச் சொன்னார்கள். நாலைந்து முறை மிதித்தேன். சான்று கிடைத்துவிட்டது. அதுதான் மாப்பிள்ளை எனக்கு உறுத்தியது. நாம் சேர்ந்து ஓட்டிய பழைய லாரிக்குப் புகையின் கருமை அளவு 65 வரை அனுமதி இருந்தது, ஞாபகமிருக்கிறதா? அந்தக் கருவி அன்றும் புகையின் கருமையைத்தான் அளந்தது, இன்றும் அதைத்தான் அளக்கிறது. ஆட்புளூ அடக்குவது நைட்ரஜன் ஆக்சைடு என்ற நச்சு வாயுவை. கருமையை அளக்கும் கருவிக்கு அது எப்படித் தெரியும்?

சான்றை வாங்கிக்கொண்டு வெளியே வந்து புகைக் குழாய்க்குள் விரலை விட்டுத் துடைத்துப் பார்த்தேன். புது வண்டியாக இருந்தபோது விரல் சுத்தமாக வரும். அன்று கண்மை அப்பியதுபோல் வந்தது. கிளீனர் பையன் பின்சக்கர நிழலில்தான் தினமும் சோறு தின்பான். அவனுடைய தூக்குச்சட்டி மூடியில் கரும்புள்ளி படிந்திருந்ததை மறுநாள்தான் கவனித்தேன். டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இலேயே உறுதியாகச் சொல்லிவிட்டது. பையனுக்கு வயது பத்தொன்பது. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

கழற்றியதைப் பட்டறையில் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். புதிது மாட்ட மூன்று மாதத் தவணைப் பணம் கரைந்தது. ஆனாலும் மாட்டினேன்.

இப்போது வாரம் ஒருநாள் நாங்குநேரி வழியாக நான்குவழிச் சாலையில் நிற்காமல் ஓட்டிவிட்டு வருகிறேன். கரி தானாக எரிந்துவிடுகிறது. வரிசையில் நின்றால் இன்ஜினை அணைத்துவிடுகிறேன். ஆட்புளூவைச் சீல் வைத்த கேனில் மட்டும் வாங்கு. வயலுக்குப் போடும் யூரியாவைக் கரைத்து ஊற்றச் சொல்லி உன்னிடமும் யாராவது வருவார்கள். 2015க்குப் பிறகு அதில் வேப்பெண்ணெய் பூசித்தான் விற்கிறார்கள். உள்ளே போனால் தெளிப்பானும் வினையூக்கியும் பாழ். மூடியைச் சுற்றி வெள்ளையாக உப்புப் பூத்தால் மட்டும் பயப்படாதே, தண்ணீர் விட்டுக் கழுவு, போய்விடும்.

பிடிபட்டால் அபராதம் 10,000 ரூபாய் வரை போகும், லைசென்சுக்கும் ஆபத்து. அதையும் மனதில் வை.

அந்த ஆளுக்கு முன்பணம் கொடுத்திருந்தால் போகட்டும், விட்டுவிடு. அடுத்த லோடு தூத்துக்குடிக்கு வரும்போது வண்டியை இப்படித் திருப்பு. பேட்டையில் ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். நின்ற இடத்திலேயே ஸ்கேனர் வழியாகச் சூட்டை ஏற்றி அடைப்பை எரித்துத் தருவார், ஒரு மணி நேரம் ஆகும். அதற்குள் நம் வீட்டில் சாப்பிட்டுவிடலாம்.

உன் அன்பு நண்பன்